கடைச் சாவி எமது இடுப்பில், கடவுச்சொல் யார் கையில்?

2023ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தின் கடைசி வாரத்தை நான் இலகுவில் மறக்க மாட்டேன். வருமான வரி விபரத்திரட்டைச் சமர்ப்பிப்பதற்கான கடைசித் திகதி நவம்பர் 30 என்பது எம்மில் அநேகருக்குத் தெரியும். எமது கடையில் ஆறு வருடம் வேலை செய்த பொடியன்தான் வருடா வருடம் அதனை இணையத்தில் செய்து தருவான். அவன் அந்த வருடம் ஆகஸ்ட் மாதம் டோஹாவுக்குப் போய்விட்டான். போகும்போது ஸ்டோர் சாவி, கல்லாச் சாவி, லொறியின் சாவி என்று எல்லாவற்றையும் ஒரு வளையத்தில் கோத்து என் கையில் தந்துவிட்டுத்தான் போனான். ஒன்றே ஒன்றை மட்டும் அவனும் தரவில்லை, நானும் கேட்கவில்லை. அதுதான் கடவுச்சொல்.

கடையின் மின்னஞ்சலை ஆரம்பித்தவன் அவன். அதற்குக் கொடுக்கப்பட்டிருந்ததும் அவனுடைய கையடக்கத் தொலைபேசி இலக்கம். வரித் திணைக்களத்திலிருந்து வருகின்ற தகவல் அந்த மின்னஞ்சலுக்குத்தான் போகும். வங்கியின் ஒன்லைன் கணக்கைத் திறந்த அன்று நான் கல்லாவில் சனத்தோடு நின்றபடியால், “தம்பி, ஒங்கட நம்பரையே குடுங்க” என்று சொன்னவனும் நான்தான். அவன் போனதும் அந்த சிம் வேலை செய்யவில்லை. வங்கி அனுப்புகின்ற ஓ.டி.பி. இலக்கம் யாருக்கும் போகாமல் காற்றில் நின்றது. வட்ஸ்அப்பில் அவனைப் பிடித்தால், “நானா, எழுதி வெச்ச கொப்பி ரூமில இருந்திச்சு, எங்க போச்சோ தெரியா” என்கிறான். அவன் கள்ளனல்ல. ஒரு சதமும் எடுக்கவில்லை. ஆனாலும் எனது சொந்தக் கடையின் கணக்கைப் பார்ப்பதற்கு நான் பதினொரு நாட்கள் அடையாள அட்டையையும் வியாபாரப் பதிவுப் பத்திரத்தையும் தூக்கிக் கொண்டு கண்டிக்கும் கம்பளைக்குமாக அலைந்தேன். ஆண்டு முடிவு நெருங்கும் காலம், வண்ணப்பூச்சும் சீமெந்தும் போகின்ற பருவம். கடையில் முதலாளி இல்லாத பதினொரு நாட்கள் என்றால் என்னவென்று வர்த்தகர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதை எழுதுவதற்கு எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. 1986இல் சாதாரண தரம் எழுதிவிட்டு வாப்பாவின் கடையில் நின்றவன் நான். இருபது உருப்படி உள்ள பில்லை மனக்கணக்கில் கூட்டுவேன். எந்த மேசன்பாஸ் எந்த மாதம் கடனைக் கட்டுவார் என்பது எனக்கு மனப்பாடம். ஆயினும் எனது பணம் இருக்கின்ற இடத்தின் கதவைத் திறக்க, இன்னொருவருடைய விரல் வேண்டியிருந்தது. ஊரில் விசாரித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, நான் தனி ஆள் அல்ல என்பது. எமது பஸாரில் என் வயதுக்காரர்களில் பாதிப் பேருடைய மின்னஞ்சல் மருமகனிடம் இருக்கிறது. சிலருடையது கணக்காளரின் எழுதுவினைஞரிடம். ஒருவருடையது, பக்கத்துக் ‘கொமியுனிகேஷன்’ கடைக்காரரின் கொப்பியில்!

துணி போர்த்திய கணனிகள்

இதில் வேடிக்கை என்னவென்றால், எமது கடையிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் பள்ளிவாசல் மண்டபத்தோடு சேர்ந்தாற்போல் ஒரு கணனி அறை இருக்கின்றது. 2006இல் ஊர் வர்த்தகர்கள் சேர்ந்து செய்தது. பத்துக் கணனிகள். அதில் இரண்டு நான் கொடுத்தவை. வாசலில் உள்ள கல்லில் எனது பெயரும் உண்டு. திறப்பு விழாவுக்குப் பிறகு அந்த அறைக்குள் நான் எத்தனை தடவை போனேன் என்று யாராவது கேட்டால், இரண்டு தடவை. இரண்டும் மின்குமிழ் மாற்றுவதற்கு.

அந்தக் காலம் அப்படியான காலம். 2003ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் உருவாக்கப்பட்டு, ‘ஈ-ஸ்ரீலங்கா’ என்ற பெயரில் உலக வங்கியின் கடனுதவியோடு பெரிய வேலைத்திட்டமொன்று ஆரம்பமாகியிருந்தது. அதன் கீழ்த்தான் நாடெங்கும் ‘நெனசல’ நிலையங்கள் தோன்றின. தமிழில் அறிவகம் என்றார்கள். விகாரைகளில், நூலகங்களில், கோயில்களில், பள்ளிவாசல்களில் என்று சனம் கூடுகின்ற இடமாகப் பார்த்துத் திறந்தார்கள். சுனாமிக்குப் பிறகு இடம்பெயர்ந்தோர் முகாம்களிலும் கணனிக் கூடங்கள் வைக்கப்பட்டன. 2014இல் நெனசல ஈ-நூலகத் திட்டத்துக்கு பில் அன்ட் மெலிண்டா கேட்ஸ் மன்றத்தின் பத்து இலட்சம் டொலர் விருதும் கிடைத்தது. ஆகவே அது வீணாய்ப்போன முயற்சி என்று சொல்ல நான் வரவில்லை. இணையத்தையே கண்டிராத எத்தனையோ பிள்ளைகள் முதன்முதலில் மவுஸைத் தொட்டது அங்கேதான்.

அந்த அலையைப் பார்த்துத்தான் நாங்களும் சொந்தப் பணத்தில் எமது அறையைத் திறந்தோம். மூன்று மாதப் பாடநெறி. வேர்ட், எக்ஸல், பவர்பொயின்ட். முடிவில் சான்றிதழ். நேரம் பின்னேரம் 4 மணியிலிருந்து 6 மணி வரை. பிள்ளைகள் வந்தார்கள், படித்தார்கள், சான்றிதழைச் சட்டமிட்டு மாட்டினார்கள். பெரியவர்கள் ஒருவரும் வரவில்லை. “எங்கட ஆக்களுக்குப் படிப்பில ஆசையில்ல” என்று நிர்வாகக் கூட்டத்தில் பேசிக்கொண்டோம். பின்னேரம் 4 மணிக்கும் 6 மணிக்கும் இடையில் எந்த வியாபாரி கடையை விட்டு எழுந்து வருவான் என்பதை, அந்தக் கூட்டத்தில் இருந்த பதினைந்து வியாபாரிகளில் ஒருவர்கூட யோசிக்கவில்லை.

பிறகு நடந்தது எல்லா ஊர்களிலும் நடந்ததுதான். கையடக்கத் தொலைபேசிக்குள் இணையம் வந்தது. பிள்ளைகளும் நின்றுவிட்டார்கள். 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பீக்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுத்தியபோது எமது பத்துக் கணனிகளும் எக்ஸ்பீயில்தான் ஓடிக்கொண்டிருந்தன. ஓடிக்கொண்டிருந்தன என்பதைவிட, பூப்போட்ட துணியால் போர்த்தப்பட்டுத் தூங்கிக்கொண்டிருந்தன என்பதே சரி.

அருகிலிருந்த பாடம்

பெரியவர்களுக்குக் கற்பிப்பது எப்படி என்று அமெரிக்காவுக்குப் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. எமது மலைநாட்டிலேயே அதற்கு முன்மாதிரி இருந்தது. கொத்மலை சமூக வானொலியைப் பழைய நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1990களின் இறுதியில், யுனெஸ்கோவின் உதவியோடு, அந்தச் சிறிய வானொலி நிலையத்துக்கு இணைய இணைப்பு கிடைத்தது. அந்நாட்களில் கிராமத்து வீடுகளில் தொலைபேசியே அருமை. நேயர்கள் தமக்குத் தேவையானதைக் கேட்டு அனுப்புவார்கள். அறிவிப்பாளர் இணையத்தில் தேடி, தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வானொலியில் அதனை விளக்கிச் சொல்வார். கம்பளையிலும் நாவலப்பிட்டியிலும் நூலகங்களில் பொதுமக்கள் இணையத்தைப் பாவிக்க வசதியும் செய்யப்பட்டது. உலகின் பல பாகங்களிலிருந்தும் ஆய்வாளர்கள் கொத்மலைக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பக்கத்தில் இருந்த நாங்கள் பார்க்கவில்லை.

ஏறக்குறைய அதே காலத்தில், 1998இல், பாண்டிச்சேரிக் கிராமங்களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தகவல் நிலையங்களை ஆரம்பித்தது. அதில் வீராம்பட்டினம் என்ற மீனவக் கிராமத்துக் கதை முக்கியமானது. அலையின் உயரம் பற்றிய முன்னறிவிப்பை அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்திலிருந்து எடுத்து, கடற்கரையில் ஒலிபெருக்கியில் தமிழில் அறிவித்தார்கள். கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்பது மீனவனுக்கு உயிர்ப் பிரச்சினை. வேர்ட் எக்ஸல் என்று தொடங்காமல், அவனுடைய பிரச்சினையிலிருந்து தொடங்கினார்கள்.

இந்த இரண்டிலும் ஒரே விடயம்தான் இருக்கிறது. முதலில் ஆளுக்கு என்ன தேவை என்று கேட்டார்கள். நாங்கள் கணனியை வாங்கி வைத்துவிட்டு ஆளைத் தேடினோம்.

எண்ணிக்கையிலும் இது தெரிகிறது. தொகைமதிப்புப் புள்ளிவிபரவியல் திணைக்களத்தின் கணக்கில் 2004இல் இந்நாட்டில் கணனி அறிவுடையோர் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவு. 2021இல் அது சுமார் 34 ஆகியது. ஸ்மார்ட் போனையாவது தானாகப் பாவிக்கத் தெரிந்தவர்களையும் சேர்த்து ‘டிஜிட்டல் அறிவு’ என்று அதே திணைக்களம் கணக்கிட்டபோது அது சுமார் 57 வீதம். அதாவது, போன் வந்துவிட்டது, கணனி வரவில்லை. அந்த இடைவெளிக்குள் நிற்பவர்களில் நாங்களும் இருக்கிறோம். எம்மிடம் உள்ள போனின் விலை ஒரு கணனியின் விலையைவிடக் கூட. அதில் நாங்கள் செய்வது வட்ஸ்அப்பும் ஜனாஸா அறிவித்தலும்.

எரிபொருள் வரிசையில் கிடைத்த அறிவு

“இந்த வயசில எங்களுக்கு இதெல்லாம் வராது” என்று சொல்கின்ற சகோதரர்களுக்கு நான் 2022 ஜூலை மாதத்தை ஞாபகப்படுத்துவது வழக்கம். தேசிய எரிபொருள் அனுமதிப் பத்திரம் அறிமுகப்படுத்தப்பட்டு, கியூ.ஆர். குறியீடு இல்லாமல் பெற்றோல் இல்லை என்றானபோது என்ன நடந்தது? அதுவரை கியூ.ஆர். என்ற சொல்லையே கேட்டிராத முச்சக்கரவண்டிக்காரர், லொறிக்காரர், அறுபது வயதுக் கோழிக்கடை ஹாஜியார் என்று எல்லோரும் சில நாட்களுக்குள் செசி இலக்கத்தைப் பதிந்து, குறியீட்டை எடுத்து, பிரிண்ட் போட்டு, லெமினேட் பண்ணிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்கள். எத்தனை லீற்றர் மிச்சம் என்று எஸ்.எம்.எஸ். பார்க்கவும் பழகினார்கள். 2023 செப்டம்பரில் அந்த முறை நிறுத்தப்பட்டது. ஆனால் படித்தது படித்ததுதான். யார் பாடநெறி வைத்தார்கள்? யாரும் இல்லை. பெற்றோல் தேவைப்பட்டது, பக்கத்தில் நின்றவன் சொல்லித்தந்தான், எல்லோரும் ஒரே நிலையில் நின்றபடியால் ஒருவருக்கும் வெட்கமில்லை.

வெட்கம் என்ற அந்தச் சொல்லைத்தான் நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எமது ஆட்களுக்குப் படிப்பில் ஆசையில்லை என்பது பொய். கடையில் வேலைக்கு நிற்கும் பையனுக்கு முன்னால் “இது என்ன?” என்று கேட்க முடியாது. கேட்டால் முதலாளியின் நிலை என்ன? சொந்த மகனிடம் கேட்டால், அவன் போனைப் பறித்து, நாலு தட்டுத் தட்டி, “இந்தாங்க வாப்பா” என்று திருப்பித் தருகிறான். வேலை முடிந்துவிடும். ஆனால் நாங்கள் ஒன்றும் படித்திருக்க மாட்டோம். அடுத்த மாதமும் அவனைத்தான் கூப்பிட வேண்டும். மூன்றாவது தடவை கூப்பிட்டால் அவனுடைய முகம் மாறும். அதற்குப் பிறகு கேட்காமலே விட்டுவிடுகிறோம்.

இஷாவுக்குப் பிறகு

எனது பதினொரு நாள் அலைச்சல் முடிந்த பிறகு, 2024இன் தொடக்கத்தில், நாலைந்து பேர் பேசி அந்த அறையை மீண்டும் திறந்தோம். அந்நேரம்தான் வரி செலுத்துவோர் அடையாள இலக்கம், அதாவது டின் இலக்கம், 18 வயதைக் கடந்த எல்லோரும் எடுக்க வேண்டும் என்ற பேச்சு நாடெங்கும் அடிபட்டது. அந்த வருடம் ஜனவரியிலேயே பெறுமதி சேர் வரியும் 18 வீதமாகக் கூடி, பதிவுக்கான வருடாந்தப் புரள்வு எல்லையும் ஆறு கோடி ரூபாவாகக் குறைக்கப்பட்டிருந்தது. ஆகவே சனத்துக்குப் பயம் இருந்தது. பயமும் ஒரு வகையில் நல்ல ஆசிரியர்தான்.

நேரம் இஷாவுக்குப் பிறகு ஒரு மணித்தியாலம். கிழமையில் மூன்று நாட்கள். போயா தினங்களில் வகுப்பில்லை. ஆசிரியராக, உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருந்த ஊர்ப் பிள்ளை ஒருவரைப் பிடித்தோம். அவருக்கு நாங்கள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: யாருடைய போனையும் கையில் வாங்கக் கூடாது. சொல்ல வேண்டும், காட்ட வேண்டும், விரல் எம்முடையதாக இருக்க வேண்டும். முதல் கிழமை அந்தப் பிள்ளை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நின்றார். பாவம், ஒருவர் ஒரு எழுத்தைத் தேடி அரை நிமிடம் எடுப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பது இலேசான காரியமல்ல.

முதல் நாள் பதினான்கு பேர். கணனியைத் தொடவேயில்லை. ஒவ்வொருவரும் தத்தமது போனில், தமது மின்னஞ்சல் எது, அது யாருடைய இலக்கத்தில் இருக்கிறது என்று பார்த்தோம். ஒன்பது பேருடையது வேறு யாருடையவோ இலக்கத்தில் இருந்தது. இருவருக்குத் தமக்கு மின்னஞ்சல் இருப்பதே தெரியாது. அடுத்த மூன்று வகுப்புகளும் அதை மாற்றுவதிலேயே கழிந்தன. நானும் அங்கிருந்தபடியே எனது கடவுச்சொல்லை மாற்றினேன். சிறிது நேரத்தில் டோஹாவிலிருந்து குரல் செய்தி வந்தது: “நானா, யாரோ ஒங்கட மெயில்ல கை வெக்கிறாங்க, பாருங்க!” பழைய மாற்று மின்னஞ்சலாக அவனுடையது இன்னும் அதில் இருந்திருக்கிறது. கை வைத்தது நான்தான் என்று சொன்னபோது அவன் நம்பவில்லை.

பாடத்திட்டம் என்று தாளில் எழுதிய ஒன்று எம்மிடம் இருக்கவில்லை. அந்தக் கிழமை யாருக்கு என்ன இடி விழுந்ததோ அதுதான் பாடம். ஒரு நாள் துணிக்கடை நானா ஒருவர் வந்து சொன்னார்: ஒரு வாடிக்கையாளர் பதினெட்டாயிரம் ரூபாவுக்குத் துணி எடுத்துவிட்டு, பணத்தை வங்கிக் கணக்குக்குப் போட்டுவிட்டதாகப் போனில் படம் காட்டிவிட்டுப் போயிருக்கிறார். பணம் வரவேயில்லை. காட்டியது பழைய படமொன்றில் திகதி மாற்றிய படம். அன்றைய வகுப்பு முழுவதும் அதுதான். அடுத்தவனுடைய போனில் தெரிவது ரசீது அல்ல, எமது கணக்கில் ஏறியதுதான் பணம். அதைப் பார்ப்பதற்கு எமது வங்கிச் செயலியை நாமே திறக்கத் தெரிய வேண்டும், அல்லது வங்கியின் எஸ்.எம்.எஸ். எமது சொந்த இலக்கத்துக்கு வர வேண்டும். லங்கா கியூ.ஆர். அட்டையைக் கல்லாவில் வைத்திருக்கும் கடைகளுக்கும் இதே கதைதான். அட்டை மேசையில், அறிவித்தல் வருகின்ற போன் வீட்டில் என்றால் அந்த அட்டை வெறும் அலங்காரம்.

ஓ.டி.பி. பற்றி ஒரு முழுக் கிழமை பேசினோம். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி இலக்கத்தைக் கேட்டால் கொடுக்கக் கூடாது என்று மத்திய வங்கி எத்தனை தடவை அறிவித்தாலும், எமது ஆட்கள் கொடுத்துவிடுகிறார்கள். காரணம், அந்த இலக்கம் என்ன வேலை செய்கிறது என்பதை யாரும் விளக்கவில்லை. ஆசிரியர் அழகாகச் சொன்னார்: “அது ஒங்கட செக் கொப்பியில போடுற கையெழுத்து. போன்ல கேக்கிற ஆளுக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுப்பீங்களா?” அதற்குப் பிறகு ஒருவரும் மறக்கவில்லை. அதேபோல, போட்ட பணம் ஒரு மாதத்தில் இரட்டிப்பாகும் என்று வட்ஸ்அப்பில் வருகின்ற முதலீடுகள். பிரமிட் திட்டங்கள் வங்கித்தொழில் சட்டத்தின் 83(இ) பிரிவின் கீழ் தடை செய்யப்பட்டவை என்பதும், தடை செய்யப்பட்ட திட்டங்களின் பெயர்களை மத்திய வங்கி தனது இணையத்தளத்தில் வெளியிடுகின்றது என்பதும் வகுப்பில் பலருக்குப் புதுச் செய்தி. ஒருவர் அந்தப் பட்டியலைத் தமது போனில் தானே தேடி எடுத்து, கீழே கீழே தள்ளிக்கொண்டு போய், ஓரிடத்தில் நின்றார். ஒன்றும் பேசவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

கடன் கொப்பி எக்ஸலுக்கு ஏறிய கதை

கணனியைத் தொட்டது இரண்டாவது மாதத்தில்தான். பழைய பத்தில் மூன்றைத்தான் உயிர்ப்பிக்க முடிந்தது. ஒரு சகோதரர் தமது அலுவலகத்தில் மாற்றிய நான்கைத் தந்தார். பாவித்த கணனிகளை இப்போது நன்கொடையாகக் கொடுக்கவோ வாங்கவோ நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 10க்கான ஆதரவும் 2025 ஒக்டோபரில் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏறாத கணனி மலிவாகக் கிடைத்தால், அது ஏன் மலிவு என்று கேளுங்கள்.

எக்ஸல் என்றதும் எல்லோரும் முகம் சுளித்தார்கள். ஆசிரியர் புத்தகத்திலுள்ள மாணவர் புள்ளிப் பட்டியலைத் தொடங்கப் போனார். ஒரு ஹாஜியார் குறுக்கிட்டு, “மகன், அது எங்களுக்கென்னத்துக்கு? இத போடுங்க” என்று தமது கடன் கொப்பியைத் தூக்கி மேசையில் வைத்தார். சில்லறைக் கடைக்காரர்கள் அனைவருக்கும் தெரியும், அந்தக் கொப்பியை அடுத்தவருக்கு முன்னால் திறப்பதென்பது எவ்வளவு பெரிய விடயம் என்று. பெயர்களுக்குப் பதிலாக இலக்கம் போட்டோம். மூன்று இரவுகள் அவரே இருந்து, ஒற்றை விரலால் அடித்தார். கூட்டுத்தொகை வந்ததும் அவர் நம்பவில்லை. “பிழையா அடிச்சிட்டேன்” என்று கொப்பியைத் திரும்பவும் கையால் கூட்டினார். சரியாகத்தான் இருந்தது. நாலு இலட்சம் அளவில் வெளியே நிற்கும் என்று நினைத்திருந்தவருக்கு உண்மையில் நின்றது பதினொரு இலட்சத்து எழுபதாயிரம். அதில் பாதிக்கு மேற்பட்டது ஆறு மாதத்தைத் தாண்டியது. சரக்குக்குக் காசில்லை என்று வங்கியில் மேலதிகப் பற்று எடுத்து, அதற்கு மாதா மாதம் அவர் ஏன் செலவு கட்டிக்கொண்டிருந்தார் என்பதற்கான விடை, லாச்சிக்குள் இருந்த அந்தக் கொப்பிக்குள்ளேயே இத்தனை வருடமும் இருந்திருக்கிறது.

அவர் அதன்பிறகு கடன் கொடுப்பதை நிறுத்தவில்லை. ஊரில் வாழ்கின்றவர் அப்படி நிறுத்தவும் முடியாது. ஆனால் ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி யாரிடம் போக வேண்டும் என்பது இப்போது அவருக்குத் தெரியும். மேலதிகப் பற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துக்கொண்டு வருகிறார்.

தமிழில் எழுதுவதற்கு நாங்கள் பயந்த அளவுக்குக் கஷ்டம் இருக்கவில்லை. பழைய பாமினி எழுத்துருவில் அடித்துப் பழகிய ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் புதியவர்கள் என்பதால், போனிலேயே தமிழ் விசைப்பலகையைப் போட்டோம். குரலில் சொன்னால் அதுவே தமிழில் எழுதித் தருகின்ற வசதியும் இருக்கின்றதே. அதைக் கண்டதும் வகுப்பே சிரிப்பில் மூழ்கியது. எமது பேச்சு வழக்கை அது எழுதுகின்ற விதமே ஒரு தனிப் பத்தி எழுதக்கூடிய விடயம். பத்து மூட்டை சீமெந்து என்று சொன்ன ஒருவருக்கு அது பத்து முட்டை என்று எழுதியது. அனுப்புவதற்கு முன்னர் ஒரு தடவை வாசித்துப் பாருங்கள் என்பது அன்றைய பாடம்.

எல்லாம் நன்றாக நடந்தது என்று எழுதினால் அது பொய். மூன்றாம் கிழமையோடு ஐந்து பேர் நின்றுவிட்டார்கள். ரமழானில் வகுப்பை நிறுத்தினோம், பெருநாள் முடிந்து திரும்பவும் தொடங்குவதற்குள் இன்னும் இருவர் போய்விட்டார்கள். அதைவிட மோசமானது, வகுப்பில் படித்த தைரியத்தில் ஒருவர், பார்சல் வந்திருப்பதாகக் குறுஞ்செய்தியில் வந்த இணைப்பைத் தட்டி, அட்டை இலக்கத்தையும் கொடுத்து நாற்பதாயிரம் ரூபாவை இழந்தார். ஒன்றும் தெரியாதிருந்த காலத்தில் அவருக்கு அந்த நட்டம் வந்திருக்காது. அவர் வகுப்புக்கு வருவதையும் நிறுத்தி, என்னோடு கதைப்பதையும் இரண்டு மாதம் நிறுத்தியிருந்தார். அரைகுறையாகக் கற்பிப்பதில் உள்ள ஆபத்து அது. திறக்கக் கற்பிக்கும் அன்றே பூட்டவும் கற்பித்திருக்க வேண்டும். இப்போது முதல் கிழமையே அதைத்தான் சொல்கிறோம்.

பெண்களுக்குப் பகலில், பிள்ளைகள் பாடசாலையில் இருக்கும் நேரத்தில், ஒரு ஆசிரியை தனியாக வகுப்பு எடுக்கிறார். கேக் செய்பவர்கள், தையல் வேலை செய்பவர்கள், மாசித்தூள், ஊறுகாய் போட்டு விற்பவர்கள். அவர்களைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை, காரணம் எமக்கு அவமானம். நாங்கள் ஆறு மாதம் எடுத்ததை அவர்கள் இரண்டு மாதத்தில் முடித்துவிட்டார்கள். வெட்கம் என்ற பிரச்சினை அவர்களிடம் இருக்கவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக் கேட்டார்கள்.

செலவு எவ்வளவு?

வர்த்தகப் பக்கத்தில் எழுதிவிட்டுக் கணக்குச் சொல்லாமல் போகக் கூடாது. ஆசிரியருக்கு மாதம் 30,000 ரூபா. இணையம், மின்சாரம், தேநீர் எல்லாம் சேர்த்து இன்னும் ஆறாயிரம் அளவில். பதினெட்டுக் கடைகள் மாதம் இரண்டாயிரம் வீதம் போடுகின்றன. அவ்வளவுதான். ஒரு கடைக்கு ஒரு நாளைக்கு எழுபது ரூபாவும் இல்லை.

இதில் எமது நிர்வாகத்துக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. ஒரு சாரார், புதிதாகப் பத்துக் கணனி வாங்கி, அறைக்கு ஏ.சி. போட்டு, பிரமுகர் ஒருவரை அழைத்துத் திறக்க வேண்டும் என்கிறார்கள். அதற்கு நன்கொடை சேர்ப்பதும் இலகு. கல்லில் பெயர் போடலாம் அல்லவா? ஆசிரியரின் சம்பளத்துக்குக் காசு கேட்டுப் போனால்தான் முகங்கள் சுருங்குகின்றன. சம்பளத்தில் யாருடைய பெயரையும் பொறிக்க முடியாது. ஏற்கனவே கல்லில் பெயர் உள்ளவன் என்ற உரிமையோடு சொல்கிறேன், 2006இல் நாங்கள் கணனிகளுக்குக் கொட்டிய பணத்தில் பாதியை ஒரு ஆசிரியரின் இரவு நேரச் சம்பளத்துக்கு ஒதுக்கியிருந்தால், 2023இல் நான் பதினொரு நாள் அலைந்திருக்க மாட்டேன்.

இப்போது எம் முன்னால் நிற்கின்ற பிரச்சினையும் அதுதான். முதல் ஆசிரியர் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். அடுத்து வந்தவரும் இந்த மாதத்தோடு கொழும்பில் வேலைக்குப் போகிறார். கெட்டிக்காரப் பிள்ளைகள் போகத்தான் செய்வார்கள், போகவும் வேண்டும். வகுப்பில் படித்தவர்களில் இருவர், அந்தக் கடன் கொப்பி ஹாஜியார் ஒருவர், மற்றவர் மருந்துக்கடை நானா, முதல் கிழமைப் பாடங்களைத் தாங்களே எடுக்கிறோம் என்று முன்வந்திருக்கிறார்கள். அறுபத்திமூன்று வயதுக்காரர் படிப்பித்தால் யார் வருவார்கள் என்று நிர்வாகத்தில் ஒருவர் கேட்டார். என்னைக் கேட்டால், ஐம்பது வயதுக்காரன் அவரிடம்தான் கூச்சமில்லாமல் கேள்வி கேட்பான். ஞாயிற்றுக்கிழமை லுஹருக்குப் பிறகு கூட்டம். கடன் கொப்பியையும் கையோடு கொண்டுவருவதாக ஹாஜியார் சொல்லியிருக்கிறார்.